மேடைப் பேச்சைப் பகுத்துப் படிப்பது எப்படி: பழைய சொற்கலையின் கருவிகளோடு ஒரு முழுமையான வழிகாட்டி

மேடைப் பேச்சைப் பகுத்துப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். உவமை எங்கே, அடுக்குமொழி எங்கே என்று தேடிக் கோடு போடுவார்கள். ஓரத்தில் ஈத்தோஸ் (பேச்சாளர்மேல் வரும் நம்பிக்கை), பேத்தோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (காரணம்) என்று எழுதுவார்கள். பக்கம் நிறைந்துவிடும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட கூட்டம் ஏன் தலையாட்டியது என்று கேட்டால் பதில் வராது.

வியாசர்பாடியில் மாலை வேளைகளில் கல்லூரிப் பிள்ளைகளோடும் பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறவர்களோடும் உட்கார்ந்து இதைச் செய்து வருகிறேன். அவர்கள் தடுமாறுவது கருவிகளில் இல்லை, வரிசையில். கிரேக்கத்தின் அரிஸ்டாட்டில், உரோமின் சிசரோ காலத்துக் கருவிகள் ஒரு கை எண்ணிக்கைதான். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்று தெரிந்தால் மீதி வேலை தானாக நகரும். அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு பேச்சின் ஒலிப்பதிவு. அதை வரிக்கு வரி எழுதிய பிரதி, இடப்பக்கம் அகலமாக ஓரம் விட்டு. இரண்டு நிறப் பேனா. கூட்டம் நடந்த நாள், இடம், யாருக்குப் பிறகு யார் பேசினார் என்ற விவரம். இவ்வளவு போதும்.

பிரதி எடுக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். பேச்சாளர் “வரல” என்றால் “வரல” என்றே எழுதுங்கள். புதியவர்கள் கை தானாக “வரவில்லை” என்று எழுதிவிடும். நம் மேடைகளில் ஒருவர் செந்தமிழிலிருந்து தெருத் தமிழுக்கு இறங்கும் இடம்தான் பல சமயம் பேச்சின் திருப்புமுனை. எல்லாவற்றையும் ஒரே நடையில் எழுதிவிட்டால் அந்தத் தடம் அழிந்துபோகும். கைதட்டல், விசில், இடைவெளி, ஒலிபெருக்கி கரகரத்த இடம், எல்லாவற்றையும் ஓரத்தில் குறியுங்கள்.

பழைய பேச்சு என்றால் கிடைத்திருக்கும் வாசகம் எந்த மொழியில் பேசப்பட்டது என்று முதலில் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா தமிழ் பேசுகிறவர் அல்லர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடம் அவர் சொன்னது தமிழில் எடுத்துச் சொல்லப்பட்டுத்தான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அச்சில் நாம் படிப்பது ஆங்கிலம். அதன் சொல்லழகை வைத்துக்கொண்டு “தொழிலாளர்கள் இந்தச் சொல்லில் மயங்கினார்கள்” என்று எழுதினால் அது பிழை.

2. பயிற்சிக்கு ஒரு பேச்சு

நடந்த அரசியல் பேச்சை முதல் நாளே எடுத்தால் கட்சிச் சண்டை வந்து பாடத்தை விழுங்கிவிடும். அதனால் முதலில் நானே எழுதிய ஒரு தெருமுனைப் பேச்சைக் கொடுப்பது வழக்கம். பள்ளி வழியே கன்டெய்னர் லாரிகள் போகும் ஒரு வடசென்னைச் சாலை. கூட்டத்தில் பெற்றோரும் இருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

“பெரியோர்களே, தாய்மார்களே, எங்க தெரு தம்பிமார்களே! நான் இந்த ரோட்டுல பொறந்து வளந்தவன். எங்க அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். லாரி ஓட்டுறவர் வயித்துல அடிக்க நான் இங்க வரல. ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஸ்டியரிங் புடிக்கிறவரும் நம்ம வீட்டுப் புள்ளதான். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காலைல எட்டு மணிக்குப் பைய மாட்டிக்கினு இந்த ரோட்டக் கடக்குதே, அது யார் வீட்டுப் புள்ள? லாரியே வேணாம்னு சொல்லல. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், அதான் கேக்குறோம். பொட்டி ரெண்டு மணி நேரம் லேட்டா போனா பணம்தான் நஷ்டம். புள்ள வூட்டுக்கு வரலன்னா? அதிகாரியக் கேட்டா பரிசீலனைன்றார். ஒவ்வொரு மனுவுக்கும் பரிசீலனை. ஒவ்வொரு வருஷமும் பரிசீலனை. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லாரும் இதே முனைக்கு வாங்க. லாரிய மறிக்க இல்ல. புள்ளைங்கள கையப் புடிச்சு அந்தாண்ட கொண்டு போய் விட.”

இனி வரும் ஒவ்வொரு படியையும் இதில் போட்டுப் பார்க்கலாம்.

3. முதல் தடவை எதையும் குறிக்காமல் கேளுங்கள்

முழுவதும் கேட்டு முடித்ததும் இரண்டு கேள்விக்கு மட்டும் எழுதுங்கள். எந்த இடத்தில் உங்கள் மனம் அசைந்தது? கடைசியில் உங்களை என்ன செய்யச் சொன்னார்? பகுக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் சாதாரணக் கேட்பவர் அல்லர். அந்த முதல் அசைவு திரும்பக் கிடைக்காது, அதனால்தான் இந்த அவசரம். இங்கே பலர் “யார் வீட்டுப் புள்ள?” என்ற இடத்தைச் சொல்வார்கள். அதை ஒரு மூலையில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

4. அவையும் நேரமும்

யார் கேட்டார்கள், அன்றைக்கு அவர்கள் மனத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று நாலைந்து வரி எழுதுங்கள். பேச்சாளர் சொல்லாமல் விட்டது ஏன் என்று இது இல்லாமல் புரியாது.

1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அந்த மேடைப் பேச்சை எடுப்பவர், கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியாரைத் தலைவராகக் கொண்டு வளர்ந்தவர்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். அந்த ஆண்டு நடந்த பெரியாரின் திருமணத்தை ஒட்டித்தான் பிரிவு வந்தது. ஆனாலும் அவரை இகழ்ந்து பேசினால் அந்தக் கூட்டமே எதிராகத் திரும்பும். கட்சித் தலைவர் நாற்காலியை அவருக்கென்று காலியாக விட்டதாக அண்ணா அறிவித்ததை இந்தப் பின்னணியில் பாருங்கள். அவைக்கு முன் வைக்கப்பட்ட ஒரு பெரிய வாதம் அது. வாசகத்தை மட்டும் படிப்பவருக்கு அது மரியாதைச் சொல்லாகத் தோன்றி நழுவிவிடும்.

நம் பயிற்சிப் பேச்சில் அவை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பெற்றோர் மட்டும் இருந்திருந்தால் முதல் நாலு வரிக்கு வேலையே இல்லை.

5. சண்டை எந்தக் கேள்வியில் நிற்கிறது?

இந்தப் படியை அவசரமாகத் தாண்டுகிறவர்கள் மீதி எல்லாவற்றையும் தவறான இடத்தில் கட்டுகிறார்கள். கிமு இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்கலை ஆசிரியர் ஹெர்மகோராஸ் வகுத்த நிலைப்பாட்டுக் கேள்விகள் நாலு. நடந்ததா? நடந்ததை என்னவென்று சொல்வது? அது சரியா, மன்னிக்கத் தக்கதா? இதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? நீதிமன்ற வாதத்துக்காக வந்த கேள்விகள், தெருமுனைக்கும் பொருந்துகின்றன.

நாலையும் வரிசையாகக் கேளுங்கள். லாரிகள் போகின்றனவா? யாரும் மறுக்கவில்லை, அங்கே சண்டை இல்லை. அது என்ன, நெரிசலா உயிர் ஆபத்தா? பேச்சாளர் நெரிசல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ரோட்டைக் கடக்கும் பிள்ளையைக் காட்டி, ஆபத்து என்றே நிறுத்திவிட்டார். சரியா தவறா? இங்கே லாரிக்காரர் பிழைப்பு குறுக்கே வருகிறது. யார் தீர்மானிப்பது? பரிசீலனை என்கிற அதிகாரி இந்த நாலாவது கேள்வியில் போய் நின்றுகொண்டார்.

இப்போது பேச்சாளர் செய்ததைப் பாருங்கள். லாரியா பிள்ளையா என்று கூட்டம் மனத்தில் வைத்திருந்த கேள்வியை, எத்தனை மணி நேரம் என்று மாற்றுகிறார். முதல் கேள்விக்கு இரண்டு தரப்பும் ஒத்துப்போக முடியாது. இரண்டாவதில் பேரம் பேச இடமிருக்கிறது. அதிகாரி பிடித்து வைத்திருக்கும் நாலாவது கேள்வியை அவர் வாதாடி வெல்லப் பார்க்கவில்லை. கூட்டமே நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்து அதைச் சுற்றிப் போய்விடுகிறார்.

பேச்சு எந்தக் கேள்வியில் தொடங்கி எந்தக் கேள்விக்கு நகர்ந்தது என்று ஒரு வரி எழுத வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

6. எந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு?

இது சின்னப் படி. அரிஸ்டாட்டில் மூன்று வகை சொல்கிறார்: நடந்ததை வழக்காடுவது, இருப்பதைப் புகழ்வது அல்லது பழிப்பது, வருவதை முடிவு செய்வது. நம் இரங்கல் கூட்டங்கள் மேலுக்குப் புகழ்ச்சி வகையாக இருக்கும். பாதியில் அடுத்த தேர்தலுக்கு நகர்ந்துவிடும். அந்த நகர்வு நடக்கும் வரியைக் குறித்துவிட்டு மேலே போகலாம்.

7. பேச்சின் உறுப்புகளைப் பிரியுங்கள்

தொடக்கம், நிலைமையைச் சொல்லுதல், நிறுவுதல், மறுத்தல், முடிப்பு. உரோம நூல்கள் சொல்லும் பகுப்பு ஏறக்குறைய இதுதான். பிரதியில் குறுக்கே கோடு போட்டுப் பிரியுங்கள். எல்லா உறுப்பும் இந்த வரிசையிலேயே வர வேண்டியதில்லை. வரிசை மாறிய இடத்தில்தான் காரணம் ஒளிந்திருக்கும்.

நம் பேச்சில் மறுப்பு தொடக்கத்திலேயே வந்துவிட்டது. “வயித்துல அடிக்க வரல” என்பது எதிர்த்தரப்பு வாயைத் திறக்கும் முன்பே சொன்ன பதில். கூட்டத்தில் நிற்கும் ஓட்டுநர் அந்தச் சந்தேகத்தோடுதான் கேட்கிறார். அது தீரும்வரை மற்ற வாதம் எதுவும் அவர் காதில் ஏறாது. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (கொள்கை நிலைகளில்) ஒன்று “பிறர்தம் மதமேற்கொண்டு களைவு”: எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. ஓட்டுநரின் பிழைப்பை மதித்து ஏற்றபின் கேள்வியைத் திருப்பும் இந்த இடத்தை அந்தப் பெயரால் அழைக்கலாம்.

புதியவர்கள் விட்டுவிடும் இன்னொரு பகுதி, விளிப்பு. மேடையில் வீற்றிருக்கும் அவர்களே, இவர்களே என்று போகும் பட்டியலைச் சடங்கு என்று வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். யார் பெயர் முதலில், யாருக்கு அடைமொழி கூடுதல், யார் பெயர் இல்லை என்று பாருங்கள். கேட்பவரின் நல்லெண்ணத்தையும் கவனத்தையும் பெறுவது தொடக்கத்தின் வேலை. நம் மேடைகளில் அந்த வேலையில் பாதி அந்தப் பட்டியலில்தான் நடக்கிறது.

8. காரணத்தை முதலில் எடுங்கள்: சொல்லாமல் விட்ட படியைத் தேடுங்கள்

ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்ற மூன்றில் காரணமாகிய லோகோஸை முதலில் பார்க்கச் சொல்கிறேன். உணர்ச்சி கண்ணுக்குத் தானாகத் தெரியும், காரணம் தெரியாது. உணர்ச்சியை எழுதி முடித்த கை காரணத்தைத் தேடுவதில்லை.

மேடையில் யாரும் வாதத்தை முழுதாகச் சொல்வதில்லை. ஒரு படியை விட்டுவிடுவார்கள், கேட்பவர் அதைத் தாமே நிரப்பிக்கொள்வார். தாமே நிரப்பியதால் அதைத் தம் கருத்தாகவே நினைப்பார். என்திமீம் என்று அரிஸ்டாட்டில் சொல்லும் வாதத்தின் பலம் இங்கேதான்.

பெரும்பான்மையினர் பேசுவதால் இந்தியே ஆட்சிமொழி என்ற வாதத்துக்கு அண்ணா சொன்ன காகம், மயில் பதில் பலருக்கும் தெரியும். எண்ணிக்கைதான் அளவு என்றால் தேசியப் பறவை மயிலாக இருக்காது, காகமாக இருக்கும். சொல்லாமல் விட்ட படி: பறவையைத் தேர்ந்தெடுக்கும் அளவும் மொழியைத் தேர்ந்தெடுக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்டவர் சிரித்த கணத்திலேயே அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறார். மறுக்க நினைப்பவர் தாக்க வேண்டியதும் அந்தப் படியைத்தான்.

இப்போது “பொட்டி ரெண்டு மணி நேரம் லேட்டா போனா பணம்தான் நஷ்டம். புள்ள வூட்டுக்கு வரலன்னா?” என்பதை எடுங்கள். முடிவையே சொல்லவில்லை. உள்ளே மூன்று படி இருக்கிறது. உயிரைப் பணத்தோடு எடை போட முடியாது. நேரக் கட்டுப்பாடு வந்தால் ஆபத்து குறையும். தாமதத்தால் போவது பணம் மட்டும்.

முதலாவதை எல்லோரும் ஏற்பார்கள். இரண்டாவதும் நிற்கும், ஆனால் நிறுத்தி வைத்த லாரிகள் எங்கே காத்திருக்கும் என்ற கேள்வி பாக்கி. மூன்றாவதுதான் மெல்லியது. அந்தப் பணம் யாருடையது? ட்ரிப் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநருக்கு அது அன்றைய சாப்பாடு. இன்னொன்றையும் கவனியுங்கள்: கேட்டது காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஆக நாலு மணி நேரம். நஷ்டத்தைச் சொல்லும்போது அது இரண்டாகச் சுருங்கிவிட்டது. உருக்கமான வரிக்கு நடுவில் இது எவர் காதிலும் விழாது. அதனால்தான் காரணத்தை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

விட்ட படியை எழுதும்போது பேச்சாளருக்கு நியாயமாக எழுதுங்கள். பிடிக்காத கட்சிக்காரர் பேச்சென்றால் அவர் சொல்லாத முட்டாள்தனத்தை நாம் எழுதி, நாமே அதை உடைப்போம். அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்ட ஒருவர் படித்து “ஆமாம், இதைத்தான் நினைத்தேன்” என்று சொல்லும்படி எழுத வேண்டும்.

9. பேச்சாளரை ஏன் நம்பினார்கள்?

ஈத்தோஸ் என்றதும் பேச்சாளரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் பார்க்கச் சொல்வது பேச்சுக்குள்ளேயே உண்டாகும் நம்பிக்கையை. அதற்கு மூன்று: விஷயம் தெரிந்தவர், நேர்மையானவர், நம்மிடம் நல்லெண்ணம் உள்ளவர். ஒவ்வொன்றுக்கும் வரி காட்டுங்கள்.

“அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர்” என்பது நல்லெண்ணத்துக்கான வரி. விஷயம் தெரிந்தவர் என்று காட்ட இந்தப் பேச்சில் எட்டு மணி என்ற ஒரு குறிப்பைத் தவிர எதுவும் இல்லை. லாரிகள் வரும் நேரம், வேறு வழி, எதையும் சொல்லவில்லை. தெருமுனைக்கு இது போதும். இதே பேச்சை அதிகாரி முன் மனுவாக வைத்தால் விழுந்துவிடும். எது குறைகிறது என்று எழுதுவதும் பகுப்பின் பாதி வேலை.

10. உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள்

“மக்களின் உணர்ச்சியைத் தூண்டினார்” என்று எழுதுவதை என் பயிற்சியில் அனுமதிப்பதில்லை. எந்த உணர்ச்சி? தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடு நம் கையில் இருக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அரிஸ்டாட்டில் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் கேட்கும் மூன்றைக் கேளுங்கள்: எந்த மனநிலையில் இருப்பவருக்கு, யார்மேல், எதனால்?

வரிசையையும் பாருங்கள். நம் பேச்சு அச்சத்தில் ஏறுகிறது, பரிசீலனையில் வெகுளிக்குத் திரும்புகிறது, முடிவில் அந்தக் கோபத்தை லாரிமேல் பாயவிடாமல் பெருமிதத்துக்குக் கொண்டுபோகிறது. தப்பிக்க வழி உண்டென்ற நம்பிக்கை இருந்தால்தான் அச்சம் மனிதரை யோசிக்க வைக்கும் என்கிறார் அரிஸ்டாட்டில். வழியே இல்லையென்றால் கூட்டம் கையை விரித்துவிட்டு வீட்டுக்குப் போகும். “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு” என்ற வரி அந்த வழி.

11. இப்போதுதான் அணியும் நடையும்

அணிகளின் பெயர்ப் பட்டியலைத் தேடி ஓடாதீர்கள். முக்கியமான இரண்டு மூன்று இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை: அந்த வரியைச் சாதாரணமாக மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். எது போனதோ அதுதான் அணி செய்த வேலை.

“நம்ம வீட்டுப் புள்ள”, “யார் வீட்டுப் புள்ள” என்பதை எடுங்கள். முதலில் ஓட்டுநருக்குச் சொன்ன சொல்லே அடுத்து பள்ளிப் பிள்ளைக்கு வருகிறது. இது சொற்பொருட் பின்வருநிலையணி. பெயரோடு நிறுத்திக்கொண்டால் மதிப்பெண் கிடைக்கலாம், பகுப்பு கிடைக்காது. எதிரெதிராக நின்ற இரண்டு பேரை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது இந்தத் திரும்பவரல். “அது ஒரு சின்னக் குழந்தை” என்று மாற்றிப் படியுங்கள். இரக்கம் மிஞ்சும், அந்த ஒற்றுமை போய்விடும். மூன்றாவது படியில் மூலையில் எழுதி வைத்த வரி இதுதானே? மனம் அசைந்த இடமும் கேள்வி மாறிய இடமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

நடை மாறும் இடங்களை இரண்டாவது நிறப் பேனாவால் குறியுங்கள். பேச்சு முழுக்கத் தெருத் தமிழ். நடுவில் ஒரே ஒரு அலுவலகக் கோப்புச் சொல்: பரிசீலனை. மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேற்றாளாக நிற்கிறது. அதிகாரி மேல் கோபம் வர வேறு வசைச்சொல் தேவைப்படவில்லை.

12. உரைப்பு: பேசிய விதம்

ஒலிப்பதிவை இன்னொரு முறை கேளுங்கள், இந்தத் தடவை வாசகத்தைப் பார்க்காமல். கூம்பு ஒலிபெருக்கியில் நீள வாக்கியம் எதிரொலித்துக் கலங்கிவிடும். தெருமுனைப் பேச்சில் வாக்கியம் குட்டையாக இருப்பதற்கு அதுவும் காரணம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் கூட்டம் என்றால் ரயில் போகும்வரை பேச்சாளர் நிற்பார். அந்த நிறுத்தத்தை உத்தி என்று எழுதிவிடாதீர்கள். கைதட்டலுக்காக நின்றாரா, கைதட்டலை மீறிப் பேசினாரா என்பதைக் குறித்தால் போதும்.

13. எழுதும் முறை

முதல் வாக்கியத்தை இந்த அச்சில் எழுதுங்கள்: இந்த அவையில், இந்தக் கேள்வியை இப்படி மாற்றி, இதைச் செய்ய வைக்கப் பார்க்கிறது. நம் பேச்சுக்கு: “பெற்றோரும் ஓட்டுநரும் கலந்த அவையில், லாரியா பிள்ளையா என்ற சண்டையை எத்தனை மணி நேரம் என்ற பேரமாக மாற்றி, அதிகாரிக்குக் காத்திராமல் மறுநாள் காலை கூட்டத்தைச் சாலைமுனைக்கு வரவழைக்கப் பார்க்கிறது.”

அடுத்து வரும் பத்தி ஒவ்வொன்றும் இந்த வாக்கியத்தின் ஒரு துண்டுக்குச் சான்று தர வேண்டும். வரியை மேற்கோள் காட்டுங்கள், அது அவையில் என்ன செய்தது என்று சொல்லுங்கள், பெயரைக் கடைசியில் போடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பத்தி நிற்க வேண்டும். முதல் வாக்கியத்துக்கு உதவாத அணி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுங்கள். “சிறப்பாகப் பேசினார்”, “கூட்டத்தைக் கட்டிப்போட்டார்” என்பவை பாராட்டு, பகுப்பில் இடமில்லை.

பேச்சின் தந்திரத்தைக் கண்டதும் அதைப் பொய் என்று முடிவு கட்டுவதும் அடிக்கடி பார்க்கிற பிழை. நாலு மணி நேரத்தை இரண்டாகச் சொன்னது குறைதான், அதை எழுத வேண்டும். அதனால் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. வாதத்தின் பலவீனத்தையும் கோரிக்கையின் நியாயத்தையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

முடித்ததும் உங்கள் பகுப்பை அந்தப் பேச்சைக் கேட்ட ஒருவரிடம், முடிந்தால் உங்களோடு ஒத்துப்போகாதவரிடம், படித்துக் காட்டுங்கள். அடுத்த பேச்சாக நீங்கள் முழுமனதோடு ஏற்றுக்கொள்ளும் ஒன்றை எடுங்கள். எதிர்க்கட்சிப் பேச்சில் விட்ட படியைக் கண்டுபிடிப்பது எளிது. நம் மனம் தானாக நிரப்பிக்கொண்ட படியைத் தேடி எடுக்க எட்டாவது படியில் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.